இரண்டாம் பக்கம், ஆறாவது வரி

குற்றாலம்,
9.6.2025

அன்புள்ள மாப்பிள்ளை மந்திரமூர்த்திக்கு,

மச்சான் குற்றாலிங்கம் எழுதுவது. நான் இங்கே சுகமாக இருக்கிறேன். திருப்பூரில் நீங்களும் என் தங்கை லோகநாயகியும் அப்படியே இருக்க வேண்டும் என்று குற்றாலநாதரைக் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

யாரிடமோ சொல்லி எழுதி வாங்கிய கடிதம் என்று நினைப்பீர்கள். இல்லை. இது என் கை. அறுபத்தொன்பது வயதில் நான் எழுதும் முதல் கடிதம். மூன்று நாளாக எழுதுகிறேன்.

போன வருடம் இங்கே பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லித்தர ஆரம்பித்தார்கள். மாலை நாலரை மணிக்கு வகுப்பு. குழல்வாய்மொழி டீச்சர் பலகையில் எழுதினால் எனக்கு அது அழித்த பலகை மாதிரியே இருந்தது. என் மண்டைதான் மக்கு என்று நினைத்தேன். டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "படிப்பெல்லாம் ஒங்களுக்கு வருது. கண்ணுதான் வரல. தென்காசிக்குப் போய்க் காட்டுங்க" என்றார்கள். போனேன். இரண்டு கண்ணிலும் புரை.

மார்ச் மாதம் வலது கண்ணில் ஆபரேஷன் ஆனது. ஓசூரிலிருந்து மகள் ஜெயபிரியா வந்து கூட இருந்தாள். நான் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவன். கண்ணாடி போட்டால் எண்ணெய்க் கையால் அதைத் தொட முடியாது. சாரல் வேறு அதன்மேல் படிந்துவிடும். அதை யோசித்து அவள் தன் சம்பளத்தில் கண்ணாடியே வேண்டாத லென்ஸை வைக்கச் சொன்னாள். தூரம், நடு, கிட்டம் மூன்றும் அந்த ஒரே லென்ஸில் தெரியும். ஆபரேஷன் செய்தால் ஒரு மாதம் கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்பதால் இடது கண்ணைச் சீசன் முடிந்து பார்க்கலாம் என்று விட்டிருக்கிறேன்.

மாப்பிள்ளை, எறும்பு வாயில் வைத்துக்கொண்டு போவது அரிசியா ரவையா என்று தெரிகிறது. இத்தனை வருடம் எனக்குப் பேரருவி தொங்கப்போட்ட வேட்டி. இப்போது நூல் நூலாகப் பிரிகிறது. நேற்று ஒருவர் தப்பான பஸ்ஸில் ஏறப்போனார். "அது ஆலங்குளம் வண்டி. சிவகிரி வண்டி பின்னால நிக்கி" என்று நான் போர்டைப் பார்த்துச் சொன்னேன். நான்!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் ஒப்புதல் தாளையும் மை டப்பாவையும் நீட்டினார்கள். "மை வேண்டாம்மா, பேனா குடுங்க" என்றேன். கு, ற், றா, லி, ங், க, ம். ஏழு எழுத்தையும் கோட்டுக்கு மேலேயே நிறுத்தினேன். என் முதல் கையெழுத்து. டாக்டர் ஜோதிலட்சுமி அம்மா பக்கத்தில் நின்று ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு 'றா'வில்தான் கவனம்.

போனில் பேசாதீர்கள். எழுதுங்கள். எனக்கு வாசிக்க வேண்டும்.

இப்படிக்கு, கையெழுத்துப் போடத் தெரிந்த உங்கள் மச்சான்,
குற்றாலிங்கம்


திருப்பூர்,
21.6.2025

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

மந்திரமூர்த்தியின் வணக்கம். நாங்கள் இருவரும் நலம். உங்கள் வலது கண்ணையும் அதன் சொந்தக்காரரையும் நலம் விசாரிக்கிறேன்.

உறையைப் பார்த்ததும் கோர்ட் நோட்டீஸ் என்று பயந்தேன். எனக்கு இந்த ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் யாரும் கடிதம் எழுதியதில்லை. உங்கள் எழுத்து என் எழுத்தைவிட நன்றாக இருக்கிறது. எட்டாவது வரை படித்த எனக்கு வெட்கமாக இருக்கிறது. லோகநாயகி வாசித்துவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதாள். கேட்டால் வெங்காயம் என்றாள்.

நான் அதே பனியன் மில்லின் வேனைத்தான் ஓட்டுகிறேன். ஹாஸ்டலிலிருந்து பதினான்கு பெண்பிள்ளைகளை ராத்திரி ஷிப்டுக்குக் கொண்டுபோய் விட்டு, விடிவதற்குள் திரும்பக் கொண்டுவர வேண்டும். எல்லாம் நம் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள்.

மச்சான், எனக்கும் கொஞ்ச நாளாக எதிர் வண்டியின் லைட் பஞ்சு மாதிரி பரவுகிறது. இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினேன். வலது கண்ணில் புரை என்கிறார்கள். நீங்கள் வைத்திருக்கும் லென்ஸ் எப்படி? எனக்குக் கண்ணாடி என்றாலே ஆகாது. லோகநாயகிக்கு இது தெரியாது. தெரிந்தால் நாளைக்கே வேனை விடச் சொல்வாள். அதனால் இனி மில் விலாசத்துக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
மந்திரமூர்த்தி


குற்றாலம்,
6.7.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே பாதி வாசித்தேன். மறுநாள் மீதி. சாரல் நன்றாக இருக்கிறது, நானும் அதைவிட நன்றாக இருக்கிறேன். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

யோசிக்கவே வேண்டாம். இதே லென்ஸை வையுங்கள். சாட்சி நானே இருக்கிறேன். ஒரு குறையும் இல்லை.

போன சனிக்கிழமை மதுரையிலிருந்து ஒரு பெரிய உடம்புக்காரர் வந்தார். தலையில் எண்ணெய் வைத்ததும் அவர் காதுக்குப் பின்னால் ஒரு உண்ணி ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. கடுகில் பாதி. எடுத்துக் காட்டினேன். அவர் அதிசயப்பட்டு, "உங்களுக்கு என்ன வயசு?" என்று கேட்டார். பக்கத்தில் தேய்த்துக்கொண்டிருந்த இசக்கி, "ஒடம்புக்கு அறுவத்தொம்பது, கண்ணுக்கு மூணு மாசம்" என்றான். அவனும் முப்பது வருடமாக என்னோடு எண்ணெய் தேய்க்கிறவன். அவனுக்கு அந்த உண்ணி காட்டிய பிறகும் தெரியவில்லை.

வாசிக்கப் பழக ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். நான் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் தாளின் நகல் ஆஸ்பத்திரி ஃபைலில் இருக்கிறது. இரண்டு பக்கம். மத்தியானம் கூட்டம் குறைந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு வரி வாசிக்கிறேன். கடினமான வார்த்தைகள். 'விழித்திரை' என்ற ஒரு வார்த்தைக்கே ஒரு மத்தியானம் போனது. டீச்சர் வாசித்துக் காட்டுகிறேன் என்றார்கள். "வேண்டாம் டீச்சர், என் கண்ணைப் பத்தின தாளு. நானே வாசிக்கேன்" என்றுவிட்டேன். முதல் பக்கத்தில் நான்காவது வரியில் இருக்கிறேன்.

இப்போதெல்லாம் விளக்குப் போடுவதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடுகிறேன். அதன் பிறகு வருகிறவர்களை இசக்கி பார்த்துக்கொள்கிறான். வயதாகிறது அல்லவா.

தைரியமாக வையுங்கள்.

உங்கள் நலம் விரும்பும்,
குற்றாலிங்கம்


திருப்பூர்,
15.7.2025

மச்சானுக்கு வணக்கம்.

இருவரும் நலம். உங்கள் நலத்தை உங்கள் எழுத்திலேயே தெரிந்துகொண்டேன், வரி கொஞ்சம் நேராகியிருக்கிறது.

முடிவு செய்துவிட்டேன். ஆகஸ்ட் 22 வெள்ளிக்கிழமை தேதி கொடுத்திருக்கிறார்கள். இங்கே டாக்டர் இரண்டு மூன்று வகை லென்ஸைப் பற்றிச் சொன்னார். எனக்கு எதுவும் தலையில் ஏறவில்லை. "எங்க மச்சான் வச்சிருக்கது எதுவோ அதையே வைங்க" என்று சொல்லிவிட்டேன். கண் சரியானதும் சர்டிபிகேட் காட்டினால்தான் ராத்திரி வண்டி என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார்.

டாக்டர் சொல்வதைவிட நீங்கள் சொல்வதுதான் எனக்குக் கணக்கு. ஒன்றே ஒன்று கேட்கிறேன். எறும்பும் உண்ணியும் எனக்கு வேண்டாம். நான் ஓட்டுவது ராத்திரி வண்டி. பின்னால் பதினான்கு பிள்ளைகள் தூங்கிக்கொண்டு வரும். ராத்திரியில் உங்களுக்கு எப்படித் தெரிகிறது? அதை மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்,
மந்திரமூர்த்தி


குற்றாலம்,
29.7.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். தங்கைக்கும் உங்களுக்கும் நலம் பெருகட்டும்.

பதில் எழுதச் சில நாள் தாமதம் ஆகிவிட்டது. ஐந்தருவியில் தண்ணீர் கூடி, குளிக்கத் தடை போட்டார்கள். அந்தக் கூட்டமும் இங்கே வந்துவிட்டது. கை ஓயவில்லை. ரம்புட்டான் நிறைய வந்திருக்கிறது. மங்குஸ்தான் குறைவு. கடைக்காரன் விலைப் பலகையை நான் தூரத்திலிருந்தே வாசித்துவிடுகிறேன் என்று அவனுக்குக் கோபம்.

வகுப்பில் டீச்சர் என்னை எழுந்து நின்று ஒரு பாடம் முழுவதும் வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

ராத்திரியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நன்றாகத் தெரிகிறது. விளக்குகள் எல்லாம் மிகவும் அழகாக இருக்கின்றன.

ஒப்புதல் தாளில் முதல் பக்கம் முடியப்போகிறது.

என்றும் உங்கள்,
குற்றாலிங்கம்


திருப்பூர்,
8.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை லோகநாயகி எழுதுகிறேன். நீ சுகமா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டேன்.

உன் மாப்பிள்ளையின் காக்கிச் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில் உன் கடிதங்கள், கூடவே ஆபரேஷனுக்கு 22ஆம் தேதி போட்ட ஆஸ்பத்திரிச் சீட்டு. எனக்குத் தெரியாமல் நீங்கள் இருவரும் நடத்துகிற கடிதப் போக்குவரத்தில் உன் பக்கத்தை முழுவதும் வாசித்தேன். அண்ணன் எழுதிய எழுத்து என்பதால் கிழிக்க மனம் வரவில்லை.

அவர் உன்னிடம் சொல்லாததை நான் சொல்கிறேன். ஜூன் ஐந்தாம் தேதி எதிரே ஒரு லாரியின் லைட் கண்ணில் அடித்து, வேனை நடுத்திட்டில் ஏற்றிவிட்டார். பிள்ளைகளுக்குப் பெரிய அடி இல்லை. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண் மாரித்தாய்க்கு மட்டும் உதடு கிழிந்து இரண்டு தையல். அன்றிலிருந்து அவருக்கு வேன் இல்லை. பகலில் குடோனில் பெட்டி எண்ணுகிறார். வேன் ஓட்டுகிறேன் என்று உனக்கு எழுதியிருந்தால் அது பொய். என்னிடமும் ஷிப்டு மாற்றிவிட்டார்கள் என்று பொய். மாரித்தாயே வந்து என்னிடம் சொன்னாள்.

கண் சரியாகி அவர் மறுபடி வண்டி ஓட்டட்டும். நான் தடுக்கவில்லை. வண்டி இல்லாமல் அந்த மனிதர் பாதி ஆளாகிவிட்டார். ஆனால் இன்னொரு தடவை அந்தப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அப்படி நடக்கக்கூடாது.

அண்ணே, உன் கடைசிக் கடிதத்தை நான்கு தடவை வாசித்தேன். எறும்பு, உண்ணி, பஸ் போர்டு என்று வரி வரியாக எழுதுகிறவன், அவர் கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் ஒரு வரியில் பதில் எழுதியிருக்கிறாய். சின்ன வயதில் என் பம்பரத்தை உடைத்துவிட்டு, "பம்பரம் நல்லாத்தான் இருக்கு" என்று சொன்ன அதே வரி. விளக்கு எப்படி அழகாக இருக்கிறது? அதை எழுது. சீசன் நேரத்தில் நீ எதற்காகப் பொழுது சாயும் முன்பே வீட்டுக்கு ஓடுகிறாய்? அதையும் எழுது.

ஆபரேஷனுக்கு இன்னும் பதினான்கு நாள் இருக்கிறது.

உன் தங்கை,
லோகநாயகி


குற்றாலம்,
14.8.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கும் தங்கை லோகநாயகிக்கும்,

உடம்பு சுகம். மனது இரண்டு நாளாகச் சுகமில்லை. இதை எழுதி முடித்தால் சரியாகும்.

நேற்று தங்கையிடம் போனில், "நான் எழுதுறது வந்து சேருத வரைக்கும் ஆபரேஷனுக்குப் போகாண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். மீதியை எழுதினால்தான் முடியும். வளையத்தைப் போனில் எப்படிக் காட்டுவது?

ஆமாம், வளையம். கட்டு அவிழ்த்த மறுநாள் பொழுது சாய்ந்ததும் லாட்ஜ் வாசல் விளக்கைப் பார்த்தேன். விளக்கைச் சுற்றி ஒரு வளையம். அதைச் சுற்றி இன்னொன்று. எண்ணினேன், ஏழு. குளத்தில் கல் போட்ட மாதிரி. விலை கூடின லென்ஸ் அல்லவா, அதனால் எல்லாவற்றையும் அலங்காரம் செய்து காட்டுகிறது என்றுதான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். இசக்கியிடம் கேட்டேன்.

"ஏலே இசக்கி, அந்த லைட்ட சுத்தி எத்தன வளையம் தெரியுது?"

"வளையமா? என்ன அண்ணாச்சி, சாயங்காலமே ஆரம்பிச்சாச்சா?"

"கேட்டதுக்குச் சொல்லுலே."

"ஒரு லைட்டு. ஒரு பூச்சி. அம்புட்டுதான்."

அன்றைக்குத்தான் பயம் வந்தது. எதிரே ஆட்டோ வந்தால் லைட்டிலிருந்து முள் முள்ளாக நீட்டுகிறது. படிக்கட்டு எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. ஒரு நாள் எண்ணெய்க் கிண்ணத்தில் காலை வைத்துவிட்டேன். அதனால்தான் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வருகிறேன்.

ஏன் சொல்லவில்லை? மகள் பாசத்தோடு வைத்துக் கொடுத்த லென்ஸ். குறை சொன்னால் அவள் மனம் நோகும் என்று நினைத்தேன். இன்னொரு காரணமும் உண்டு. ஒரு குறையும் இல்லை என்று உங்களுக்கு எழுதிவிட்டேன். பேசினால் மறுநாள் மாற்றிப் பேசலாம். எழுதியதை எப்படி மாற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. எழுத்து எனக்குப் புதிது மாப்பிள்ளை. இன்னொரு கடிதம் எழுதித்தான் மாற்ற வேண்டும் என்று தங்கை கடிதம் பார்த்த பிறகே புரிந்தது.

அந்தக் கடிதம் வந்த மறுநாள் ஒரு வரி என்ற கணக்கை விட்டுவிட்டு, காலையிலிருந்து இருட்டும் வரை தாளை வாசித்தேன். தொழிலுக்குப் போகவில்லை. இரண்டாம் பக்கம், ஆறாவது வரி. அப்படியே பார்த்து எழுதுகிறேன்:

'இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளி வளையங்களும் கூச்சமும் தெரியக்கூடும். பெரும்பாலோருக்கு இது நாளடைவில் குறையும். இரவில் வாகனம் ஓட்டும் தொழில் செய்பவர்கள் இதை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.'

அதற்குக் கீழே நான்கு விரல் தள்ளி என் கையெழுத்து. கோட்டுக்கு மேலே, ஏழு எழுத்தும் அழகாக.

மறுநாள் முதல் பஸ்ஸில் தென்காசிக்குப் போனேன். ஜோதிலட்சுமி அம்மாவிடம் தாளைக் காட்டி, "எனக்கு ஏன் இதைச் சொல்லல?" என்றேன். அவர்கள் சிரித்துவிட்டார்கள். "அய்யா, அன்னைக்கு நான் இதைத்தான் சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். புரிஞ்சுதான்னும் கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க தெரியுமா? 'றா நல்லா வந்திருக்கா அம்மா?'ன்னு கேட்டீங்க."

கண்ணில் பழுது ஒன்றும் இல்லையாம். வெளிச்சத்தைத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற லென்ஸ் என்பதால் இருட்டில் விளக்கு அப்படித் தெரியுமாம். மூளை கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்ளுமாம். நான் பகலில் தொழில் செய்கிறவன், எனக்கு இது சரி. ராத்திரி வண்டி ஓட்டுகிறவருக்கு வேறு யோசனை வேண்டும், அவர் தன் டாக்டரிடம் தொழிலைச் சொல்லிக் கேட்கட்டும் என்றார்கள்.

இதோடு இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். நான் பார்க்கிறதை அப்படியே வரைந்திருக்கிறேன். மேலே லாட்ஜ் விளக்கு. கீழே ஆட்டோ. என் பேச்சை நம்ப வேண்டாம். இந்தத் தாளைக் கொண்டுபோய் உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். தப்பு என்னுடையது.

குற்றாலிங்கம்


திருப்பூர்,
18.9.2025

மச்சானுக்கு,

நலம்.

உங்கள் கடிதம் ஆகஸ்ட் மாதமே வந்துவிட்டது. 22ஆம் தேதி நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பதிலும் எழுதவில்லை. கோபம். ஒரு வரியில் 'அழகாக இருக்கின்றன' என்று எழுதினீர்களே, அந்த வரியை நம்பித்தான் அந்தத் தேதிக்குக் காத்திருந்தேன்.

ஆனால் என் கோபம் முழுவதும் உங்கள்மேல் இல்லை. லோகநாயகி உங்களுக்கு எழுதியதைச் சொல்லிவிட்டாள். அவளுக்கும் நேற்று வரை தெரியாதது ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரி அட்டையில் தொழில் என்று கேட்ட இடத்தில் 'மில்லில் பேக்கிங்' என்று எழுதிக் கொடுத்தேன். டிரைவர் என்றால் கண் தகுதி இல்லை என்று எழுதி மில்லுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயம். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த டாக்டரே உங்கள் ஆறாவது வரியை எனக்குச் சொல்லியிருப்பார். நீங்கள் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டீர்கள். எட்டாவது படித்த நான் பொய்யை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நேற்று குடோன் வாசலில் மாரித்தாய் வந்து நின்றாள். உதட்டில் தழும்பு மெல்லிசாகத் தெரிகிறது. "அண்ணாச்சி, எப்ப வண்டிக்கு வாரிய? புது டிரைவர் பாட்டே போட மாட்டேங்காரு. தூக்கமே வரல" என்றாள். நான் தழும்பைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "இது கெடக்கட்டும். கண்ணச் சரி பண்ணிட்டு வாங்க, நாங்க ஏறுவோம்" என்றாள்.

திங்கட்கிழமை உங்கள் படத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போகிறேன். அட்டையில் தொழிலை மாற்றி எழுதச் சொல்லப்போகிறேன். லோகநாயகி கூட வருகிறாள், நான் மறுபடி பேக்கிங் என்று சொல்லிவிடாமல் இருக்க.

மந்திரமூர்த்தி


குற்றாலம்,
28.9.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஒரு மாதம் தபால்காரரைப் பார்த்தாலே எழுந்து நின்றேன். உங்கள் கடிதத்தில் 'நலம்' என்ற ஒரு வார்த்தையைப் பார்த்ததும் உட்கார்ந்தேன். நானும் நலம்.

நீங்கள் உண்மையை எழுதியதும் நானும் ஜெயபிரியாவிடம் சொல்லிவிட்டேன். வளையம், முள், எண்ணெய்க் கிண்ணம் எல்லாம். கடைசி வரை கேட்டாள். பிறகு, "அப்பா, அந்தத் தாள நான் முழுசா வாசிச்சிட்டுதான் ஒங்ககிட்ட நீட்டச் சொன்னேன். அருவிக்கரையில கண்ணாடி ஆகாதுன்னுதான் அதைத் தேர்ந்தெடுத்தேன். ராத்திரி நீங்க என்ன பஸ்ஸா ஓட்டப் போறீங்க?" என்றாள். "ஆறு மாசமா இதையா மனசுல வச்சிருந்தீங்க?" என்று திட்டவும் செய்தாள். எந்த மனம் நோகும் என்று பயந்தேனோ, அந்த மனத்துக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது.

டாக்டர் என்ன சொன்னார்? எனக்குச் சமாதானமாக எழுத வேண்டாம். உள்ளதை எழுதுங்கள்.

உங்கள் பதிலுக்குக் கண் வைத்திருக்கும்,
குற்றாலிங்கம்


திருப்பூர்,
2.11.2025

அன்புள்ள மச்சானுக்கு,

நானும் லோகநாயகியும் என் வலது கண்ணும் மிக நலம். உங்கள் நலத்தை விரிவாக எழுதவும்.

உங்கள் படத்தை டாக்டர் மேஜையில் விரித்து வைத்துப் பார்த்தார். "யார் வரைஞ்சது?" என்றார். "எங்க மச்சான். எண்ணெய் தேய்க்கிறவர்" என்றேன். "வளையத்தோட அளவு, முள்ளோட நீளம் எல்லாம் கணக்கா இருக்கு. இவருக்கு என்ன லென்ஸுன்னு இதை வச்சே சொல்லிருவேன்" என்றார். பிறகு அட்டையை நிமிர்த்திப் பார்த்து, "பேக்கிங்குன்னு இருக்கே?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் லோகநாயகி, "டிரைவர் சார். ராத்திரி டிரைவர். பொய் சொல்லிட்டாரு சார்" என்றாள்.

தூரத்துக்கு மட்டுமான சாதாரண லென்ஸ் வைத்தார்கள். கிட்டத்துக்குக் கண்ணாடி வேண்டும். இந்தக் கடிதத்தையும் கண்ணாடி போட்டுத்தான் எழுதுகிறேன். கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். வண்டியில் பிள்ளைகள் என்னை 'வாத்தியாரே' என்று கூப்பிடுகிறார்கள்.

ஆமாம், வண்டியில். சர்டிபிகேட் கொடுத்தாயிற்று. நேற்று முதல் நாள். எதிரே ஒரு லாரி வந்தது, அதே இடத்தில். வேகத்தைக் குறைத்தேன். லாரியின் லைட் இரண்டு லைட்டாகவே வந்து இரண்டு லைட்டாகவே போனது. நடுத்திட்டின் வெள்ளைக் கோடு கடைசி வரை தெரிந்தது. வண்டிக் கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். பதினான்கும் தூக்கம். மாரித்தாய் வாய் திறந்து தூங்குகிறாள்.

உங்கள் படத்தை டாக்டரே கேட்டு வாங்கிவிட்டார், வருகிறவர்களுக்குக் காட்ட. எனக்கு வேறொன்று வரைந்து அனுப்புங்கள்.

உங்கள் மாப்பிள்ளை,
மந்திரமூர்த்தி


குற்றாலம்,
5.12.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இரண்டு கண்ணும் நலமாக எழுதுகிறேன். நீங்களும் தங்கையும் பதினான்கு பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும்.

நவம்பர் இருபதாம் தேதி இடது கண்ணுக்கும் ஆயிற்று. அதே லென்ஸ்தான். தெரிந்தே கேட்டு வாங்கினேன். ஒரு மாதம் தண்ணீர்ப் பக்கம் போகக்கூடாது. ஐயப்ப பக்தர்கள் கூட்டத்தை இசக்கி தனியாகச் சமாளித்து, தினமும் என்னைத் திட்டுகிறான்.

நேற்று முன்தினம் கார்த்திகை. இருட்டும் வரை வீட்டுக்குள் போகாமல் வாசலிலேயே இருந்தேன். தெரு முழுக்க அகல் விளக்கு. வலது கண்ணில் வளையம் ஏழிலிருந்து மூன்றாகிவிட்டது. இடது கண்ணில் புதிதாக ஏழு. பயம் இல்லை. என்ன என்று தெரிந்துவிட்டதால் ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன், மெதுவாக, படியைக் காலால் தடவி. 'அழகாக இருக்கின்றன' என்று முன்பு எழுதியது பொய் இல்லை மாப்பிள்ளை. பாதி உண்மை. அதுதான் தப்பு. அந்தத் தெருவை வரைந்து இதோடு அனுப்பியிருக்கிறேன்.

ஆபரேஷன் அன்று நடந்ததையும் சொல்கிறேன். அதே இரண்டு பக்கத் தாளை நீட்டினார்கள். பேனாவும் கொடுத்தார்கள். நான் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். நர்ஸ் பெண் நின்று பார்த்தாள்.

"தாத்தா, எல்லாரும் கடைசியிலதான் போடுவாங்க. அங்க போடுங்க."

"இரும்மா. இப்பதான் விழித்திரை தாண்டிருக்கேன்."

"போன தடவையும் இதே தாள்தான் தாத்தா."

"போன தடவ நான் எழுதுனேன். இந்தத் தடவ வாசிக்கேன்."

பக்கத்து நாற்காலியில் இன்னொருவர் தாளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். பெயர் வல்லிநாயகம். தென்காசி பஸ் ஸ்டாண்டில் விடியும் முன் வருகிற ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் ஆட்டோ ஓட்டுகிறவராம். கட்டைவிரலில் ஏற்கெனவே மை தடவியிருந்தது. நான் வாய்விட்டு வாசிப்பதை அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டாம் பக்கம் ஆறாவது வரி வந்ததும், "அண்ணாச்சி, அத இன்னொரு தரம் வாசிங்க" என்றார். வாசித்தேன். கட்டைவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "அம்மா, டாக்டரக் கொஞ்சம் கூப்புடுதியளா?" என்றார்.

ஜோதிலட்சுமி அம்மா வந்தார்கள். அவரிடம் பேசி முடித்து என்னிடம் வந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி சொன்னார்கள். சொல்லச் சொல்லக் கையெழுத்துப் போட்டேன்.

இந்தத் தடவை 'றா' கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. நான் அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உங்கள் மச்சான்,
குற்றாலிங்கம்